எந்த வீட்டுக்குள் இறைவன் நுழையலாம்?

வடசென்னையின் கடலோரத்தில், ஒரு சில கிலோமீட்டர் இடைவெளியில், உடைந்த இரண்டு வாக்குகளின் நினைவு நிலைத்திருக்கிறது. தெற்கே இராயபுரம். புனித இராயப்பரின் பெயரால் அமைந்த ஊர் அது. தலைவரோடு சாகவும் துணிந்திருப்பதாகச் சொல்லி, விடிவதற்குள் அந்த மனிதரைத் தெரியாது என்று ஆணையிட்டு மறுத்தவர் அவர். வடக்கே திருவொற்றியூர். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் ஒரு பெண்ணுக்குச் சூளுரைத்து, அதை மீறி ஊரெல்லையைக் கடந்தபோது இரு கண்களையும் இழந்தார் சுந்தரர். இரண்டு ஊர்களுக்கும் இடையே மீன்பிடித் துறைமுகமும், சரக்குப் பெட்டகங்களின் வரிசையும், ஆலைகளும், அவற்றை நம்பி வாழும் ஆயிரமாயிரம் குடும்பங்களும் இருக்கின்றன. வாக்குத் தவறியவர்களைப் போற்றும் இந்த மண்ணில், வாக்குத் தவறிய அயலாரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

இக்கேள்வி நம் மனத்தில் எழக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியின் பங்கு ஒன்றில், செபமாலை மாதத்துக்கு முன்னதாக அன்பியக் கூட்டம் கூடியது. அன்னையின் சுரூபம் எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டின் முறை வந்தபோது பேச்சு நின்றது. கணவன் கைவிட்டுப் போன பின், திருமணமின்றி வேறொருவரோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சகோதரியின் வீடு அது. "அந்த வீட்டுக்கு மாதாவை எப்படிக் கொண்டு போறது?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் கெட்டவரல்லர், நாள் தவறாமல் திருப்பலி காண்பவர். அந்த வீடு பட்டியலிலிருந்து விடுபட்டது. அங்கிருந்த நாமும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தோடுதான் பின்னொரு நாள் சேக்கிழாரின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தைப் படித்தோம். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில் இது சற்றே வியப்பான அமைப்புடையது. கலிக்காமரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இதன் பெரும்பகுதி சுந்தரரின் வரலாறே. திருவொற்றியூர்க் கதையும் இதற்குள்ளேதான் வருகிறது.

கதை நம் வாசகர் பலரும் கேள்விப்பட்டதே. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூருக்கு வந்த இடத்தில், கோயிலில் பூத்தொடுக்கும் பணி செய்துவந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொள்கிறார். பிரியேன் என்று சூளுரைத்தால்தான் மணம் என்பது ஏற்பாடு. சுந்தரரின் மனமோ ஆரூரிலும் இருக்கிறது. ஆகவே, நான் உம் திருமுன் சூளுரைக்கும்போது, நீர் கருவறையை விட்டு மகிழின் கீழே போய் இரும் என்று இறைவனிடமே வேண்டிக்கொள்கிறார். இறைவனும் இசைகிறார். ஆனால் சங்கிலியாரிடம், மகிழின் கீழேயே சூளுரைக்கக் கேள் என்று அறிவித்து விடுகிறார். தப்பிக்க வழி தேடியவர், தாம் இறைவனை அனுப்பிவைத்த இடத்திலேயே இறைவன் முன் நின்று வாக்குக் கொடுக்க வேண்டியதாகிறது.

சுந்தரரின் குற்றத்தைச் சேக்கிழார் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார்! வேட்கை மட்டுமன்று அவர் குற்றம். இறைவனோடு தமக்குள்ள நெருக்கத்தையே வேட்கைக்கு வழியாக்கிக்கொள்ள முயன்றார். கடவுள்தான் மன்னிப்பாரே என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வாழும் விசுவாசியின் முகம் இது. தென்றல் வீசும் பருவத்தில் ஆரூர் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடக்கிறார், பார்வை போகிறது. ஆயினும் கைவிடப்படுவதில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று அருள் அவரைப் படிப்படியாக நடத்திச் செல்கிறது. அருள் இங்கே தண்டனையை நீக்கிவிடவில்லை. தண்டனையின் நடுவே கூட வருகிறது. பாவம் பெருகினால் அருளும் பெருகும், ஆகவே பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் பவுலடியார் கேட்டு, கூடவே கூடாது என்று மறுப்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

புராணத்தின் உயிர்நிலை இதற்குப் பிறகே வருகிறது. சங்கிலியாரை மணந்த செய்தி அறிந்த பரவையார் கதவடைத்துவிடுகிறார். சுந்தரர் இறைவனையே தூது அனுப்புகிறார். ஆலய அருச்சகர் வடிவில் முதன்முறை சென்ற இறைவன் மறுக்கப்படுகிறார். தம் உருவிலேயே மீண்டும் செல்கிறார். நள்ளிரவில் ஆரூர்த் தெருவில், உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்த ஒரு பெண்ணின் வாசலுக்கு, ஓர் அடியவரின் குடும்பச் சண்டையைத் தீர்க்க, இறைவன் இருமுறை நடக்கிறார்.

இதைக் கேட்டுக் கொதித்தெழுகிறார் கலிக்காமர். ஆண்டவனை இந்த வேலைக்கு, அந்த வீட்டுக்கு அனுப்புவதா? அவர் சினம் பொய்யன்று. இறைவன்மேல் கொண்ட மெய்யன்பிலிருந்து பிறந்தது. இருவரையும் கூட்டுவிக்க விரும்பிய இறைவன் கலிக்காமருக்குச் சூலை நோயைத் தருகிறார்; அது சுந்தரரால்தான் தீரும் என்றும் அறிவிக்கிறார். அவன் கையால் நலம் பெறுவதைவிட நோயோடு மடிவதே மேல் என்கிறார் கலிக்காமர். சுந்தரர் வருவது அறிந்ததும் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கிறார்.

தன்னையே நேர்மையாளராகக் கருதும் மனநிலைக்கு இதைவிடக் கூர்மையான சித்திரம் நம் மொழியில் உண்டா என்று தெரியவில்லை. நலம் வேண்டாம் என்பதன்று அவர் வாதம். பாவி ஒருவன் வழியாக வரும் நலம் வேண்டாம் என்பதே. தகுதியற்றவர்களின் கைவழியாகவும் பாய்வதுதான் அருள் என்றால், அந்த அருளையே அவர் மறுத்துவிடுகிறார். மறுத்தவர் கொடியவரல்லர், நாயன்மார்களுள் ஒருவர் என்பதே நம்மை நடுங்கச் செய்யவேண்டிய செய்தி. தற்பெருமை நிறைந்த நேர்மை இறைப்பற்று இல்லாத இடத்தில் முளைப்பதில்லை. நாள் தவறாமல் திருப்பலி காணும் இடத்தில்தான் முளைக்கிறது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்திலும் இதே மனிதரைச் சந்திக்கிறோம். வயலிலிருந்து திரும்பிய மூத்த மகன் வீட்டுக்குள் நுழைய மறுக்கிறான். இளையவன் ஊதாரித்தனமாக வாழ்ந்தான் என்று மட்டுமே கதை நமக்குச் சொல்லியிருந்தது. விலைமகளிரைப் பற்றிய பேச்சை முதலில் எடுப்பவன் மூத்தவனே. அவன் அதைப் பார்த்தவனல்லன். பிறருடைய உடலின் பாவங்களைப் பற்றி நேர்மையாளர்களுக்கு இருக்கும் கற்பனை வளம் பெரிது. தம்பி என்று சொல்லவும் அவனுக்கு நா எழவில்லை. உம் மகன் என்கிறான். தொடர்ந்து வரும் சக்கேயுவின் கதையிலும் முணுமுணுப்பு ஒன்றுதான்: பாவியின் வீட்டில் தங்கப் போயிருக்கிறாரே! கலிக்காமரும், மூத்த மகனும், எரிகோ மக்களும், நம் அன்பியமும் கேட்டது ஒரே கேள்வி. எந்த வீட்டுக்குள் இறைவன் நுழையலாம்?

இராயப்பருக்கும் இக்கேள்வி தப்பவில்லை. யோப்பா என்ற துறைமுகத்தில், கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் அவர் தங்கியிருந்ததாகத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. அத்தொழிலை யூதர் இழிவாக எண்ணினர். அங்கிருந்துதான் பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்குப் போனார். திரும்பியதும், அந்த வீட்டில் எப்படி உண்ணலாம் என்ற விசாரணையை எருசலேமில் எதிர்கொண்டார். அப்படிப்பட்டவரே பின்னர் அந்தியோக்கியாவில் பிறர் கண்ணுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். பவுலிடம் நேருக்கு நேர் கடிந்துரையும் பெற்றார். மன்னிப்புப் பெற்ற பாவியும் மீண்டும் நேர்மையாளர் வரிசையில் போய் நின்றுகொள்ள முடியும்.

அந்தியோக்கியா நிகழ்ச்சியைச் சொல்லும் கலாத்தியர் திருமுகமே ஊனியல்பின் செயல்களையும் பட்டியலிடுகிறது. ஊனியல்பு என்றதும் நம் மனம் காமத்துக்கும் குடிக்கும் தாவுகிறது. மறையுரைகளும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மூலத்தில் உள்ள 15 சொற்களை எண்ணிப் பார்த்தால், காமத்தைப் பற்றியவை 3, பொய் வழிபாட்டைப் பற்றியவை 2, குடிகளியாட்டத்தைப் பற்றியவை 2. எஞ்சிய 8 சொற்களும் பகைமை, சச்சரவு, பொறாமை, சீற்றம், தன்னலப் போட்டி, பிரிவினை, கட்சி, அழுக்காறு என்று ஒருவர் மற்றவரை நடத்தும் முறையைப் பற்றியவை. ஒரு வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிய அன்று, ஊனியல்பு அந்த வீட்டில் மட்டும் இருக்கவில்லை; நம் கூட்டத்தின் நடுவிலும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

திருச்சபையின் போதனை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மனிதன் தன் முயற்சியாலேயே தூயவனாக முடியும் என்ற பெலாஜியுசின் கருத்தைப் புனித அகுஸ்தீன் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அதைக் கண்டித்தனர். ஏற்புடைமைக்கு முன் செல்லும் எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளுக்கு விலையாகாது என்று 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கற்பித்தது. 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் திருச்சபையினரும் இப்பொருள்பற்றிய கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் தூய்மையைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில், இன்றைய பெலாஜியுசுகள் திருச்சபைக்குள்ளேயே இருப்பதை எச்சரித்தார். நிறைவற்ற நிலையில் வாழும் குடும்பங்களை உடன் நடந்து, தேர்ந்து தெளிந்து, சமூகத்தோடு இணைக்கவேண்டும் என்று 2016இலேயே குடும்பத்தைப் பற்றிய ஊக்கவுரையில் வேண்டியிருந்தார். திருமணத்தைப் பற்றிய திருச்சபையின் சட்டத்தை இது தளர்த்திவிடவில்லை. ஆனால் ஒரு வீட்டில் செபமாலை சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதை இயற்றியவர்கள் நாமே.

சேக்கிழாரிடம் நமக்கு ஒரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கைவிடப்பட்ட சங்கிலியாருக்கு என்ன ஆயிற்று? சுந்தரரின் கண்ணீரைப் பின்தொடரும் காவியம், ஒற்றியூரில் தனித்திருந்த பெண்ணின் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. கயிலையில் முன்பே விதிக்கப்பட்டது, முடிவில் கயிலையில் நிறைவுறுவது என்ற சட்டகத்துள் அவர் துயரம் அடங்கிவிடுகிறது. நமக்கு அது போதவில்லை. ஆடவர் இருவர் ஒப்புரவாகும் அரிய காட்சிக்கு அப்பால், வாக்கை நம்பி நின்ற ஒருத்தி இருக்கிறாள். நம் பங்கின் அந்தச் சகோதரியும் வாக்கை நம்பி நின்றவளே. முதலில் வாக்கை மீறிச் சென்றவனை எந்த அன்பியமும் கூடி விசாரித்ததாக நமக்கு நினைவில்லை.

ஆயினும் முடிவுக் காட்சியில் சேக்கிழார் நம் கைபிடித்து ஒரு படி மேலே கொண்டுசெல்கிறார். கணவரின் சாவை மறைத்து, அழுகையை நிறுத்தி, வந்த அடியவரை வரவேற்கச் செய்கிறார் கலிக்காமரின் மனைவி. உண்மையைக் கண்டுகொண்ட சுந்தரர், தாமும் சாகத் துணிந்து வாளை எடுக்கிறார். அருளால் உயிர்பெற்ற கலிக்காமர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். எந்தக் கையால் நலம் வேண்டாம் என்றாரோ, அந்தக் கையையே! இருவரும் ஒருவர் காலில் மற்றவர் விழுகின்றனர். பிறகு இருவருமாகத் திருப்புன்கூர் சென்று வழிபடுகின்றனர். லூக்கா தம் கதையை இப்படி முடிக்கவில்லை. தந்தை வெளியே வந்து மூத்தவனிடம் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்று நற்செய்தி சொல்வதில்லை. கேட்கிறவர்களிடம் முடிவை விட்டுவிடுகிறது.

சிவநெறி கூறும் அருளும், சிலுவையில் நமக்காகத் தம்மைக் கையளித்தவரின் அருளும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையானதையும் தூயதையும் ஒதுக்காதீர்கள் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்றுத் தந்தது. ஒற்றியூரின் கதை நம் நற்செய்தியை நாமே கூர்ந்து படிக்க ஓர் ஊன்றுகோலாக வருமானால் அதை மறுப்பானேன்?

விசைப்படகில் நாள்கணக்காகக் கடலில் இருப்பவரும், இரவுப் பணி முடித்து ஞாயிறு காலையில் தூங்கிப்போகிறவரும், மறையுரையின்போது உள்ளே வரக் கூசி வாசலிலேயே நின்றுகொள்கிறவரும் நம் கடலோரப் பங்குகளில் நிறைய உண்டு. அவர்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். உள்ளே இருக்கும் நாம் வீட்டுக்குள்தான் இருக்கிறோமா, அல்லது மூத்த மகனைப்போல் முற்றத்தில் நின்று முணுமுணுக்கிறோமா என்பதைப் பேசியதில்லை.

அக்டோபர் ஆண்டுதோறும் வருகிறது. பட்டியல் போடும் கூட்டமும் வரும். விடுபட்ட வீட்டின் பெயரை அடுத்த முறை நாமே எழுந்து சொல்லவேண்டும். சொன்னபின், சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்று, உள்ளே வரலாமா என்று முதலில் அனுமதி கேட்கவேண்டியவர்களும் நாம்தான்.