அத்தையின் சுவரில் ஒரு பிரதி

வால்பாறை லைன் வீட்டில் என் அத்தை சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. கீரை, காய் நிறையச் சேர்க்கவும். அரிசியைக் குறைத்துச் சிறுதானியம் உண்ணவும். தினம் அரை மணி நடக்கவும். "நாள் பூரா கூடையத் தூக்கிட்டு மேடு ஏறி எறங்குறவள நடக்கச் சொல்றானுங்க பாரு" என்று அத்தை சிரிக்கிறாள். இந்தத் தாளையும் ஒரு பிரதியாக, 'எரியும் பனிக்காடு' நாவலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

தாள் யாரோடு பேசுகிறது? கடைக்குப் போக நேரமும் கையில் காசும் உள்ள உடலோடு. இங்கே காய், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது. கூடவே விலையும் ஏறுகிறது. வாசலில் நாலு செடி வைத்தால் காட்டுப்பன்னி, யானை. நிலமும் நமதில்லை. ரேஷன் அரிசி 2011இலிருந்து இலவசம். ஆக, வயிற்றை நிரப்புவது சோறு. நடுநடுவே சர்க்கரை போட்ட கட்டன் டீ. 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம்தான். காய் தேடி வரவில்லை. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கொழுந்து எடை போட நேரமாகிப்போன ஒரு நாள், அத்தை கூடையோடு சரிந்தாள். "குடிச்சிட்டு விழுந்து கெடக்கா" என்றார் சூப்பர்வைசர்.

சிறுதானியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களி தின்கிற சாதி என்றுதான் நம்மை இழித்தார்கள். நெல்லுச்சோறு நமக்கு மரியாதையாக இருந்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கியது. கம்பு இப்போது பளபளக்கிற பாக்கெட்டில். அதே ஆண்டு நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுத்தார்கள். அது அறிவுரை இல்லை, தானியம்.

பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அவருடைய 'ரெட் டீ' 1969இல் ஆங்கிலத்தில் வந்தது, இரா. முருகவேள் தமிழாக்கினார். அதில் பசியும் மலேரியாவும் மனிதரைத் தின்கின்றன. பாராட்டுகிறவர்கள் அந்தப் பசியை முடிந்துபோன கதையாகப் படிக்கிறார்கள். என்னால் முடியவில்லை. கருவில் ஊட்டமில்லாமல் வளர்ந்த உடல், பின்னால் வயிறு நிறையும்போது சர்க்கரை நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்ற கருத்தை 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் முன்வைத்தார்கள். 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களைப் பின்னாளில் சோதித்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளத் திணறுவது தெரிந்தது. அங்கே பஞ்சம் ஒரு குளிர்காலம். இங்கே எத்தனை தலைமுறை?

டேனியல் எழுதிய பட்டினியின் பேத்திதான் என் அத்தை. அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டில், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. பசி இருந்ததா என்று கேட்க இல்லை.