சேர்ச்சில் புறநகரும் ஓர் இடவிளக்கப் படமும்

இடவிளக்கப் படத்தை மாணவர் தூரமளக்கும் கருவியாகவே கொள்வர். அஃது ஒருவகை நூலுமாகும். நூலெனின் திறனாய்வுக்கும் உரியதே. கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், அட்சன் குடாவின் மேற்குக் கரையிலுள்ள சேர்ச்சில் பட்டினத்தின் சுற்றயலைக் காட்டும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரிய 1:50,000 அளவுத்திட்டப் படத்தை இந்நோக்கிற் படிக்கலாம். (பட்டினம் பெயர்பெற்றது மார்ள்பரோக் கோமகனான யோன் சேர்ச்சிலால், பிரதமர் சேர்ச்சில் அவர் வழித்தோன்றலே.)

நிலத்தைக் கூறுமிடத்துப் படம் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கின்றது. நீலநிறக் குளங்கள் எண்ணிறந்தன. பச்சை அருகியே வருகின்றது. ஊசியிலைக் காடு தேய்ந்து தண்டரா தொடங்கும் எல்லை அது. 1929இல் வந்த புகையிரதப் பாதை 1931இல் திறந்த துறைமுகத்தில் முடிகின்றது. ஆற்றின் எதிர்க்கரையில் 18ஆம் நூற்றாண்டுக் கற்கோட்டை. கரைக்கோடு மட்டும் நிலையற்றது: பண்டைப் பனிக்கட்டியின் பாரம் நீங்கிய நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதமமீற்றர் உயர, கடல் பின்வாங்குகின்றது.

மனிதரைக் கூறுமிடத்துத்தான் படம் தடுமாறுகின்றது. பண்டசாலைக்கும் வீட்டுக்கும் ஒரே கருஞ்சதுரம். கரிபு மான்கள் அருகுகின்றன எனக் கருதிய அதிகாரிகள் 1956இல் சாயிசி டெனே மக்களை உள்நாட்டு டக் ஏரிக்கரையிலிருந்து பெயர்த்துச் சேர்ச்சிலிற் கொண்டுவந்து விட்டனர். வேட்டையால் வாழ்ந்தோர் பின்னர்ப் பட்டினத்து இடுகாட்டின் அருகே, ‘10ஆம் முகாம்’ எனப்பட்ட குடிசைகளில் வைக்கப்பட்டனர். வறுமையும் மதுவும் வன்முறையும் தீவிபத்தும் அவர்களை அழித்தன. 1973 வரையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். 2 சதமமீற்றரில் 1 கிலோமீற்றரை அடக்கும் படத்தில், இடுகாட்டுக்கும் குடிசைக்கும் இடைவெளி மயிரிழையே.

அளவையாளர் பொய்யுரைத்தார் என்பதன்று குற்றச்சாட்டு. வானொளிப்படத்திற் கூரை தெரியும். கூரையின்கீழ் வந்து சேர்ந்தவர் எவ்வாறு வந்தார் என்பது தெரியாது. ஆயினும் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் தபாலகத்துக்கும் வழக்கக்குறி வகுத்த மரபு, பெயர்க்கப்பட்டோர் குடிலுக்கு ஒன்றும் வகுக்கவில்லை. அம்மக்களுள் ஒருவரான இலா புசிடோர் மற்றொருவருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட நூல், தப்பியோர் வாய்மொழிகளால் அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றது. இரண்டையும் அருகருகே விரித்துப் படித்தாலன்றிப் படம் முற்றுப்பெறாது. எஞ்சியோர் 1973இல் தாமே புறப்பட்டு டடூலி ஏரிக்கரையிற் குடியேறினர். கனேடிய அரசு 2016இல் அங்கு சென்று மன்னிப்புக் கோரியது.