மைசூரு முதல் மாரியம்மனஹள்ளி வரை: பால் கடந்த உருவங்களின் வரலாறு

கன்னட நாட்டுக் கலையில் பால் கடந்த உருவங்களைத் தேடுபவர் முதலில் புரட்ட வேண்டிய நூல் ஸ்ரீதத்துவநிதி. 19ஆம் நூற்றாண்டில் மைசூரு மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தொகுப்பித்தது. ஒன்பது நிதிகளாகப் பகுத்து, தெய்வ வடிவங்களைச் சுலோகத்தோடும் வண்ணப் படத்தோடும் தருகிறது. சிவநிதியில் அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். அந்த வடிவத்துக்கு மரபு வகுத்த இலக்கணம் கறாரானது: வலப்பாதியில் சடைமுடியும் புலித்தோலும், இடப்பாதியில் மார்பும் பட்டாடையும்.

இதற்கும் முன்பே, 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பேலூர் சென்னகேசவர் கோயிலில் ஹொய்சளச் சிற்பிகள் ஒரு தூணில், திருமால் பெண்ணுருக் கொண்ட மோகினியைச் செதுக்கியிருந்தார்கள். ஓவியர் ரவி வர்மா வரைந்த ஊஞ்சல் மோகினி, பின்னாளில் அச்சுப்படமாக வீட்டுச் சுவர்களில் ஏறினாள்.

இவற்றைக் காட்டி, நம் முன்னோர் எல்லோரையும் அரவணைத்தார்கள் என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவறையில் கும்பிட்ட ஆண்-பெண் கலப்பைத் தெருவில் கண்டபோது இதே சமூகம் விரட்டியது. கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011இல் நுழைந்த 36ஏ பிரிவு, சந்தேகத்தின் பேரில் திருநங்கையரின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் ஏற்றக் காவல்துறைக்கு வழிவகுத்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின்பே, 2016இல் அது திருத்தப்பட்டது.

தெய்வத்தை விட்டு மனிதருக்கு இறங்கி வந்த ஓவியர்களில் முன்னோடி பரோடாவின் பூபேன் கக்கர் (1934–2003). கணக்காளராக வேலை பார்த்தவர். 1981இல் அவர் வரைந்த ஓர் ஓவியம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடத்தில் ஓர் ஆண் நிர்வாணமாக நிற்கிறார். கீழே தகப்பனும் மகனும் கழுதையோடு போகிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து கழுதையைத் தொலைத்த அந்தக் கதை நமக்கும் தெரிந்ததுதான். தன் ஒருபால் ஈர்ப்பை மறைக்கவைத்த பயத்தை உதறியவராக மாடத்தில் நிற்பவர் கக்கரே.

தெய்வத்திலிருந்து மனிதருக்கு வந்த இந்த மாற்றத்துக்குக் கர்நாடகத்தில் தமிழும் கைகொடுத்தது. திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு தமிழிலிருந்து கன்னடத்துக்குப் போய், பி.எஸ். லிங்கதேவரு இயக்கத்தில் ‘நானு அவனல்ல... அவளு’ என்ற படமானது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நடித்தவர் திருநங்கை அல்லர் என்றாலும், சொல்லப்பட்ட வாழ்க்கை அதை வாழ்ந்தவரே எழுதியது.

மாரியம்மனஹள்ளியின் திருநங்கைக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி இன்னும் ஓரடி முன்னே போனார். எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்டு, பிச்சையெடுத்து, ஜோகதி ஆட்டம் கற்றவர். 2019இல் கர்நாடக ஜானபத அகாடமியின் தலைவரானார். 2021இல் பத்மஸ்ரீ விருது வாங்கும்போது, குடியரசுத் தலைவருக்கே முந்தானையால் திருஷ்டி கழித்தார். பெங்களூரின் அரவாணி கலைத் திட்டத்தில் திருநங்கையரே தூரிகை பிடித்து நகரச் சுவர்களில் ஓவியம் தீட்டுகிறார்கள்.

தெய்வ வடிவங்களைப் பேணிய அரண்மனை மரபுக்கு வாரிசாக வந்த அருங்காட்சியகங்கள், இந்தக் கலைஞர்களின் படைப்புகளையும் அவரவர் பெயரிலேயே சேகரிக்க வேண்டும். காவல் பதிவேட்டில் ஏறவிருந்த பெயர்களுக்குக் கலை வரலாற்றில் இடம் தருவதுதான் நியாயம்.