மேடையில் திணை: ஆங்கில ஆய்வுரையும் கலைச்சொல் தேர்வும்

தமிழியல் கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தும் தமிழ் ஆய்வாளரின் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் ஒலிப்பு, இலக்கணப் பிழை என்னும் இரண்டன் அளவிலேயே பேசப்படுகின்றன. ஒலிப்புப் பிறழ்ந்தாலும் கேட்போர் பொருளை உய்த்துணர்வர். கலைச்சொல் பிறழ்ந்தால் வாதமே பிறழ்கிறது. தமிழறியாத அவையினர் அதனைக் கண்டுகொள்ளவும் இயலாது.

'திணை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில உரைகளில் இது பலகாலும் 'லேண்ட்ஸ்கேப்' என ஆகிவிடுகிறது. ஏ. கே. இராமானுஜன் 1967-இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' எனப் பெயரிட்டார். மொழிபெயர்ப்பாளராகிய கவிஞரின் தேர்வு என்ற அளவில் அது அழகிய பெயரே. அந்நூலின் பின்னுரை எழுவகைக் காதலையும் குறிப்பிடுகிறது. ஆனால் மேடை ஏறுவது தலைப்பு மட்டுமே.

தொல்காப்பிய அகத்திணையியல் கைக்கிளை முதல் பெருந்திணை ஈறாக ஏழு திணைகளைச் சுட்டுகிறது. அவற்றுள் பாலை ஒழிந்த நான்கிற்கே நிலம் பகுக்கப்பட்டுள்ளது. திணை நிலக்காட்சியே எனின், கைக்கிளையும் பெருந்திணையும் எந்நிலத்தன? வெட்சி, வஞ்சி முதலிய புறத்திணைகளை எங்ஙனம் விளக்குவது? உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்று இலக்கணமே இசைவதனால், ஒரு பாடலின் திணையைத் துணிவதில் நிலத்தினும் உரிப்பொருளுக்கே வலிமை மிகுதி என்பது என் கருத்து. 'லேண்ட்ஸ்கேப்' என்ற சொல் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. நெய்தற் பாடலில் இரங்கல் பின்னொதுங்க, கடல் முன்னிற்கிறது.

எழுத்துக் கட்டுரையில் இதனை ஓர் அடிக்குறிப்பால் நேர்செய்யலாம். இருபது நிமிட உரைக்கு அடிக்குறிப்பு இல்லை. கலந்துரையாடலில் இவ்விடர் மேலும் வெளிப்படுகிறது. சூழலியல் நோக்கில் ஒருவர் வினவுகிறார். தாம் முன்னரே வழங்கிவிட்ட சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஆய்வாளர் காடும் கடலும் பற்றியே விடை கூறுகிறார். (சூழலியல் வாசிப்பு பயனற்றது என்பதன்று, அதனையும் உரிப்பொருள் வழியே தொடங்கலாம்.) இரண்டாம் மொழியில் உடனுக்குடன் விடை கூறுபவருக்கு ஆயத்தமாக உள்ள சொல்லே கைகொடுக்கும் என்பது இயல்பு. ஆகவே சொல்லை முன்கூட்டியே தேர்ந்து வைத்தல் இன்றியமையாதது. 'கற்பு' என்பதற்கும் இது பொருந்தும். களவோடு இணைத்து நோக்க வேண்டிய கற்பியலை 'சாஸ்டிட்டி' எனப் பெயர்த்தால், மணத்திற்குப் பிந்தைய வாழ்வு என்னும் அதன் பரப்பு முழுவதும் ஓர் ஒழுக்க விதியாகச் சுருங்குகிறது.

ஆங்கிலத்தில் பேச வேண்டிய தேவை மெய்யானது. தனிநாயகம் அடிகள் 1952 முதல் 'தமிழ் கல்ச்சர்' இதழை ஆங்கிலத்தில் நடத்தியதும், 1964-இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றதும் தமிழைப் பிறர்க்கு அறிவிக்கவே. எனினும் வடமொழிக் கவிதையியலார் ரசம், தொனி ஆகியவற்றைப் பெயர்க்காமலே ஆங்கில அவைகளில் ஆள்கின்றனர். கேட்போரும் அவற்றைக் கற்றுக்கொள்கின்றனர். தமிழ் ஆய்வாளர் மட்டும் தம் கலைச்சொல்லை வாயிலிலேயே விட்டு உட்புகுவதற்குக் காரணம் புலப்படவில்லை.

உரையின் முதல் இரண்டு நிமிடங்களைத் 'திணை' என்ற சொல்லை விளக்குவதற்கே ஒதுக்கலாம். பாடலைத் தமிழிலேயே ஒருமுறை படித்துக் காட்டி, மூலமும் ஒலிபெயர்ப்பும் அடங்கிய ஒரு தாளை அவையினர்க்கு வழங்கலாம். பிறகு கைக்கிளை பற்றி எவரேனும் வினவினால், விடை அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.