நோட்டீஸில் பெயர் இல்லாத பையன்: இளம் கபடி வீரனை ரசிப்பது எப்படி?

தை பிறந்துவிட்டால் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் கபடிக்குப் பஞ்சம் இருக்காது. பகண்டை கூட்ரோட்டிலோ தியாகதுருகம் போகிற வழியிலோ சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நின்று படித்துப் பாருங்கள். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் பரிசு யார், இரண்டாம் பரிசு யார், கோப்பை யார் உபயம், சாப்பாடு யார் செலவு என்று வரிசையாகப் பெயர்களும் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் இருக்கும். ஆடப்போகிறவன் பெயர் மட்டும் எந்த மூலையிலும் இருக்காது. 2011இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. நட்சத்திரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுவது இங்கே புதிதல்ல. ஆனால் கபடியில் ருசி அதிகம் இருப்பது அந்த நோட்டீஸில் பெயர் வராத பையனிடம்தான். அவனைப் பார்க்கப் பழகிக்கொண்டால், டி.வி.யில் கோடி ரூபாய் ஏலம் ஓடும்போதும் உங்களுக்கு வேறொரு ஆட்டம் தெரியும்.

பாடிப் போகிறவனின், அதாவது ரெய்டரின், கையை முதலில் மறந்துவிடுங்கள். கூட்டம் மொத்தமும் கையைத்தான் பார்க்கிறது. தொட்டானா இல்லையா என்பதுதான் அதற்குப் பேச்சு. தேர்வாளர்கள் பார்ப்பது காலை. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் கோட்டைத் தாண்டிய பிறகு அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது? இரண்டு காலிலும் சமமாக எடையை வைத்து நிற்கிறவன் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஒரே காலில் சாய்ந்து நிற்கிறவனை, ஓரத்தில் நின்று பிடிக்கும் நல்ல கார்னர் பார்த்துக்கொண்டே இருப்பான். அதற்கும் ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது, பின்கால் தரையில் படாமல் முன்காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்தால் ஒரு புள்ளி. அந்த நொடியில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கார்னரில் குனிந்து நிற்பவன் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான். ஒரு இளம் ரெய்டர் போனஸுக்குப் போய்விட்டுத் திரும்பும் வேகத்தை மட்டும் நாலைந்து ரெய்டு தொடர்ந்து பாருங்கள். புள்ளி எடுத்தானா என்பதை விட்டுவிடுங்கள்.

பிடிக்கிற பக்கத்தை ரசிக்க இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 18 வயதுப் பையன் கார்னரில் நின்றால் அவனுக்கு இருக்கும் பெரிய நோய் அவசரம். ரெய்டர் இன்னும் காலை நீட்டவே இல்லை, அதற்குள் பாய்ந்துவிடுவான். 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான். பாய்ந்தவனும் அவுட், அவனை நம்பிப் பக்கத்தில் வந்த துணைப் பிடிப்பாளரான கவரும் பல நேரம் அவுட். நல்ல கார்னர் ஒரு ஆட்டம் முழுக்க நாலைந்து தடவைதான் பாய்வான். மற்ற நேரமெல்லாம் பாயாமல் இருப்பான். அந்தப் பாயாமையை ரசிக்கக் கற்றுக்கொள்வதுதான் இதில் கடினமான பாடம். கைதட்டல் விழாத இடத்தில் திறமை இருக்கிறது. கொக்கைப் பார்த்து வளர்ந்த ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பிடிபட்டு வெளியே போன பையன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என்ன செய்கிறான்? மண்ணைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவனிடம் சமாதானம் சொல்கிறானா, இல்லை தன்னைப் பிடித்தவன் அடுத்த ரெய்டில் எங்கே நகர்கிறான் என்று பார்க்கிறானா? தன் அணி எதிரணியில் ஆளை அவுட் ஆக்கி, தன் முறை வந்ததும் அவன் மறுபடி உள்ளே வருவான். வந்த முதல் ரெய்டில் அதே கார்னர் பக்கம் போகிறானா, ஒதுங்குகிறானா? எந்தப் பையன் தேறுவான் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதை வைத்துத்தான் கட்டுவேன்.

நம்ம ஊர் மண்ணிலிருந்து 'மேட்' என்கிற விரிப்புக் களத்துக்குப் போவது அடுத்த படி. மண்ணில் வெறுங்காலோடு ஆடியவனுக்கு ஷூ போட்டதும் பாதி வித்தை மறந்துபோகும். மண்ணில் வழுக்கிக்கொண்டே திரும்பலாம். மேட் காலைக் கவ்விக்கொள்ளும். மண்ணில் விழுந்து புரண்டு கோட்டைத் தொட்டவன், மேட்டில் அதே தாவலைச் செய்தால் பாதியில் நின்றுவிடுவான். ஆகவே முதல் வருடம் தடுமாறுகிறவனைப் பார்த்து 'ஊர்ல புலி, வெளியில எலி' என்று முடிவுகட்ட வேண்டாம். வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்திலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளுக்கு மலை ஏறிப் பழகிய காலும் மூச்சும் உண்டு. ஆனால் ஏழு பேர் கைகோத்து நகரும் ஒழுங்கு, தினமும் ஒரே அணியோடு ஆடினால்தான் வரும்.

இந்தக் கண்ணோடு புரோ கபடிக்கு வாருங்கள். 2014இல் தொடங்கிய அந்த லீகில் 2017 முதல் 12 அணிகள். ஏலத்தன்று எல்லோர் கண்ணும் பெரிய தொகையில் இருக்கும். ஆனால் ஓர் அணியின் உண்மையான புத்தி தெரிவது ஏலத்துக்கு வெளியே. 'புதிய இளம் வீரர்' என்று ஒரு பிரிவு உண்டு. இதுவரை லீகில் ஆடாத பையன்களை அணிகளே தேடிப் பிடித்து, சிறிய தொகைக்கு ஒப்பந்தம் போட்டுத் தங்கள் முகாமில் வளர்க்கலாம். தேறினால் தக்கவைத்துக்கொள்ளலாம். 2017இல் லீக் நடத்துகிறவர்கள் ஊர் ஊராகப் போய்த் தேர்வு நடத்தி ஆள் எடுத்தார்கள். 2022இல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் ஆடிய மாணவர்களையும் அணிகள் எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

இதில் பாடம் படிக்க நம்ம தமிழ் தலைவாஸை விட நல்ல அணி கிடையாது. படித்த பாடத்தை அவர்களே அடிக்கடி மறந்துவிடுவார்கள் என்பது தனிக் கதை. 2019இல் ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர் என்று சுவரொட்டிக்கு ஏற்ற பெயர்களாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த சீசனில் தலைவாஸுக்குக் கிடைத்தது கடைசி இடம். 2022இல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் சீசன் முழுக்க வெளியே போனார். நடுவில் பயிற்சியாளரும் மாறினார். உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். அணியின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது உள்ளே வந்தவன் நரேந்தர், அதுவரை லீகில் ஆடாத பையன். பவன் இருந்திருந்தால் நரேந்தருக்கு இத்தனை ரெய்டு கிடைத்திருக்காது. அந்த ஒரே சீசனில் அவன் எடுத்த ரெய்டு புள்ளிகள் 243. பின்னால் வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா, இருவரும் இளைஞர்கள்தான். யு.பி. யோத்தாஸுடன் நடந்த எலிமினேட்டர் 36-36 என்று சமனில் முடிந்து, டை-பிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் வென்றது. அரையிறுதியில் புனேரியிடம் 37-39 என்று நூலிழையில் தோற்றது. தலைவாஸ் அரையிறுதிக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கும். அந்த சீசனின் முதல் வாரத்தில் ஓர் ஆட்டத்தையும் கடைசி வாரத்தில் ஓர் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டு நரேந்தரை மட்டும் பாருங்கள். 30 வினாடி ரெய்டில் முதல் 10 வினாடியை அவன் எப்படிச் செலவழிக்கிறான் என்பதில் மாற்றம் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

அவர்களைத் தோற்கடித்த புனேரி பல்டன் இதையே திட்டமாகச் செய்த அணி. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் இருவரையும் 2021இல் இளம் வீரர்களாக எடுத்தார்கள். அடுத்த சீசனில் அணி இறுதிப் போட்டிக்குப் போய் ஜெய்ப்பூரிடம் தோற்றது. அப்போதும் அணியைக் கலைக்கவில்லை. அதற்கடுத்த சீசனில் அஸ்லமையே கேப்டனாக்கி, 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானாவை 28-25 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். இளைஞர்களை மட்டும் வைத்து ஜெயித்தார்கள் என்று கதை விட வேண்டாம். ஈரான்காரர் முகமதுரேஸா சியானேவுக்கு அந்த ஆண்டு 2.35 கோடி கொடுத்தார்கள். வரிசை எது என்பதுதான் விஷயம். பையன்களை முதலில் வளர்த்தார்கள், குறை எங்கே என்று தெரிந்த பிறகு பெரிய பணத்தை அந்த ஓட்டையில் வைத்தார்கள். தலைவாஸ் பல தடவை இதைத் தலைகீழாகச் செய்தது.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த வளர்ப்பு ஒரு தனித் தொழில். 30 அணிகள் ஒவ்வோர் ஆண்டும் 20 சுற்றில் பள்ளி, கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஒப்பந்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் நேராகப் பெரிய மைதானத்துக்குப் போவதில்லை. படிப்படியான கீழ்நிலை லீக்குகளில் வருடக்கணக்கில் ஆடுகிறார்கள். அதிலேயே கரைந்துபோகிறவர்கள்தான் அதிகம். 2008இல் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு டி.வி. போட்டியில் பந்து எறிந்து முதல் இரண்டு இடங்களைப் பிடித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். இருவருமே மேல்மட்ட லீகைத் தொடவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய் 'வீர் மகான்' ஆனார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயுள்ள ரசிகர்கள் கீழ்நிலை ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்கிப் போய், 'இவன் மூணு வருஷத்தில் மேலே போவான்' என்று தங்களுக்குள் வாதாடுவார்கள். நம்ம ஊரில் டீக்கடையில் அந்த வாதத்துக்கு ஆள் ரெடி. பார்ப்பதற்குத்தான் பொறுமை போதவில்லை.

பொறுமைக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போகவும் வேண்டாம். பக்கத்துச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனை 2018இல் ஐ.பி.எல். அணியான ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு சீசன் ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. 2020இல் இறக்கிவிட்டபோது 16 விக்கெட். அந்த வருடக் கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருடத்தில் அவர் வலைப் பயிற்சியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நாம் யாரும் பார்க்கவில்லை. பெஞ்சில் இருப்பவனை அணி மறந்துவிட்டதா, வைத்திருக்கிறதா என்று கவனிப்பது இளம் வீரர்களைப் பின்தொடர்வதில் பாதி.

கபடியில் அதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் அவுட். முதன்மை ரெய்டரைப் பாதுகாக்க, பயிற்சியாளர் அந்த ரெய்டுக்குப் பல நேரம் இளையவனை அனுப்புவார். பலி கொடுக்கிறாரா, நம்புகிறாரா? அவன் தோற்றுத் திரும்பிய பிறகு அடுத்த டூ ஆர் டையும் அவனுக்கே கிடைத்தால் அது நம்பிக்கை. அதேபோல் களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்த நெருக்கடியில் இளம் கார்னரை வெளியே எடுத்து அனுபவசாலியை உள்ளே விடுகிறார்களா, அவனையே விட்டுவைக்கிறார்களா என்று பாருங்கள். பயிற்சியாளர் பேட்டியில் சொல்லாததை இந்த இரண்டு நேரங்களிலும் களத்தில் சொல்லிவிடுவார்.

ரிஷிவந்தியத்துப் பையன் எந்த வழியில் போவான் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 26 வரை அவன் விழுப்புரம் மாவட்டத்துக்காரன். மாவட்ட அணியில் இடம் வேண்டுமானால் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பையன்களோடு மோத வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதில் கலெக்டர் ஆபீஸ் வந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். மாவட்டத்துக்கு ஓர் அணி என்று நடக்கும் போட்டிகளில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாக 12 இடம் வந்ததை யாரும் பேசவில்லை. முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்று, பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள், விளையாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு என்று படிகள் உண்டு. பார்வையாளர் வரிசையே இல்லாத அந்தப் பகல்நேர ஆட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பையனைத் தேர்ந்துகொண்டு மூன்று வருடம் விடாமல் கவனியுங்கள். உயரம் கூடும், எடை கூடும், பழைய திருப்பம் ஒன்று காணாமல் போகும், புதிது ஒன்று வரும். சீனியர் ஆண்கள் பிரிவில் 85 கிலோதான் வரம்பு. அதற்குள் எவ்வளவு பலத்தை ஏற்றிக்கொள்வது என்பதே அவனுக்கு ஒரு தனிக் கணக்கு.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டும் ஈரானைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கின. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ், பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா. தமிழக அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அபினேஷைத் தேடி நாளைக்கு ஏதாவதொரு புரோ கபடி அணி ஒப்பந்தத்தோடு வரலாம். கார்த்திகாவுக்கு அப்படி ஒரு வாசல் அங்கே இல்லை. புரோ கபடி நடத்தியவர்கள் 2016இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு சிறு போட்டி நடத்திப் பார்த்தார்கள், டி.வி.யில் ஆள் பார்த்தார்கள். பிறகு அதைத் தொடரவில்லை. நம்ம ஊர் மின்னொளி நோட்டீஸ்களிலும் பெண்கள் பிரிவு அபூர்வம்தான். பள்ளிகளின் குறுவட்டப் போட்டியில் மட்டும் பெண் பிள்ளைகள் கட்டாயம் ஆடுவார்கள், பெரும்பாலும் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால். ஆண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மதியம் போகிறவர்கள் அன்றைக்கு ஒரு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.