வாசகி இல்லாத பக்கங்கள்

2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் ‘கேம் இன்ஃபார்மர்’ இதழ் மூடப்பட்டது. 1991இல் தொடங்கி முப்பத்து மூன்று ஆண்டுகள் வந்த வீடியோ கேம் இதழ் அது. அதற்கு உரிமையாளரான கேம்ஸ்டாப் என்னும் கடைத்தொடர் நிறுவனம் ஆசிரியர் குழுவை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது; கையோடு இணையதளத்தையும் அழித்தது. பல ஆண்டுக் கட்டுரைகள் இருந்த இடத்தில் ஒரு பிரியாவிடைக் குறிப்பு மட்டும் நின்றது. மறு ஆண்டே வேறொரு நிறுவனம் அதை வாங்கி உயிர்ப்பித்தது என்பது பின்கதை. அந்த ஆகஸ்டில் வந்த இரங்கல் குறிப்புகளில் பலவற்றைப் படித்தேன். நான் படித்தவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் என் வயது ஆண்கள். அப்பாவோடு கடைக்குப் போனது, தபால்காரருக்காகக் காத்திருந்தது, கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்தது எல்லாம் அவற்றில் இருந்தன. உண்மையான துக்கம்தான். எனக்கு மட்டும் அந்தத் துக்கம் ஒட்டவில்லை. என்னைத் தன் வாசகியாக ஒருநாளும் நினைத்துப் பார்த்திராத ஒரு வீட்டின் சாவுக்கு நான் எந்த முறையில் அழுவது?

ஆனாலும் அந்தச் சாவில் பெண்களாகிய நமக்கு ஒரு நட்டம் இருக்கிறது. ஆண்களின் இரங்கல் குறிப்புகளில் அது வராது. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

இந்த இதழ்கள் ஏன் செத்தன என்பது பெரிய புதிர் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை வரும் செய்தி, நிமிடத்துக்கு ஒருமுறை வரும் செய்தியிடம் தோற்றது. எந்த அறையில் சாவி இருக்கிறது, எந்தப் பொத்தானை எத்தனை முறை தட்டினால் கூடுதல் உயிர் கிடைக்கும் என்ற ரகசியங்களை 1995இல் தொடங்கிய ‘கேம்ஃபேக்ஸ்’ போன்ற தளங்கள் இலவசமாகக் கொடுத்தன. மதிப்புரைகள் இணையத்துக்கு நகர்ந்தன. பின்னாலேயே விளம்பரங்களும் போயின. 1988இல் தொடங்கிய ‘நின்டெண்டோ பவர்’ 2012 டிசம்பரோடு நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே ‘கேம்புரோ’ நின்றிருந்தது. ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ போலச் சில இன்னும் மூச்சுவிடுகின்றன.

எனக்கு அக்கறை இவற்றின் பிறப்பில்தான். அமெரிக்காவின் முதல் வீடியோ கேம் இதழ் என்று சொல்லப்படும் ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ 1981இல் வந்தது. நிறுவிய மூவரில் ஒருவர் பெண்: ஜாய்ஸ் வொர்லி. ‘நின்டெண்டோ பவர்’ இதழை உருவாக்கி முதல் ஆசிரியராக இருந்தவர் கெயில் டில்டன் என்ற பெண். தொட்டிலை ஆட்டிய கைகளில் பெண் கைகள் இருந்திருக்கின்றன. பிறகு எப்படி இது பையன்களின் கூடாரமானது? 1981 முதல் 1995 வரையிலான பிரிட்டிஷ் இதழ்களைப் புரட்டி ஆய்வு செய்த கிரேம் கிர்க்பாட்ரிக், எண்பதுகளின் நடுவில் அவற்றின் மொழி மாறியதைக் காட்டுகிறார். தொடக்கத்தில் கணினி என்னும் புதுப்பொருளை வீட்டுக்கு வாங்கிய எல்லோரோடும் பேசிய இதழ்கள், மெல்ல மெல்ல ஒரு குறிப்பிட்ட ஆளோடு மட்டும் பேசத் தொடங்கின. அந்த ஆள் பதின்ம வயது ஆண். அவனுக்கான நையாண்டி, அவனுக்கான அட்டைப்படம், அவனுக்குப் புரிந்தால் போதும் என்ற குறுமொழி. ‘கேமர்’ என்ற அடையாளமே இந்தப் பக்கங்களில்தான் உருண்டு திரண்டது. ஏற்கெனவே இருந்த வாசகனைத் தேடி இதழ் போனது என்பதைவிட, தனக்கு வேண்டிய வாசகனை இதழ் செய்துகொண்டது என்பது பொருந்தும்.

தமிழ்ப் பத்திரிகை வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெண்களுக்கான இதழ் எந்தப் பெண்ணைச் செய்தது என்று நாம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆணுக்கான இதழ் எந்த ஆணைச் செய்தது என்று கேட்பதுதான் குறைவு.

இந்தியாவுக்கு இந்தக் கதை சுருங்கிய வடிவில் வந்தது. மும்பையிலிருந்து 2001இல் ‘டிஜிட்’ என்ற கணினி இதழ் தொடங்கியது. அதே நிறுவனத்திலிருந்து வீடியோ கேம்களுக்கென்றே ‘ஸ்கோர்’ என்னும் ஆங்கில இதழும் வந்தது; பின்னால் தனியாக நிற்க முடியாமல் டிஜிட்டின் இணைப்பாகச் சுருங்கியது. இவற்றைப் பலர் வாங்கியது கட்டுரைக்காக அல்ல, கூடவே வந்த குறுந்தகட்டுக்காக. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் சொட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விளையாட்டின் மாதிரியை இறக்கிக்கொள்ள இரவு முழுதும் போதாது. தட்டு அதைக் கையில் கொடுத்தது. அகன்ற அலைவரிசை வந்ததும் தட்டு செத்தது, தட்டோடு இதழும். லஸ் முனையின் நடைபாதைக் கடைகளில் பழைய கணினி இதழ்களை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் தட்டு இருக்காது. அது ஒட்டியிருந்த இடத்தில் பசை காய்ந்த மஞ்சள் தடம் இருக்கும், கட்டுரைகள் கசங்காமல் இருக்கும்.

தமிழில் அதுவும் இல்லை. ‘தமிழ் கம்ப்யூட்டர்’ என்ற இதழும் தினமலரின் ‘கம்ப்யூட்டர் மலர்’ இணைப்பும் கணினியைத் தமிழில் சொல்லிக்கொடுத்தன. நன்றியோடு நினைக்க வேண்டியவை. ஆனால் ஒரு வீடியோ கேமை நாவலைப் போல, சினிமாவைப் போல எடுத்துவைத்து, இது என்ன சொல்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்கும் அச்சு விமர்சன மரபு நமக்கு உருவாகவில்லை. வகுப்பில் மாணவிகளுக்குக் கொடுத்துப் படிக்கவைக்க ஒரு பழைய இதழைத் தேடினால் நான் ஆங்கிலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. உலகம் இதழிலிருந்து இணையத்துக்குப் போனது. நாம் ஒன்றுமில்லாததிலிருந்து நேரே யூடியூபுக்குக் குதித்தோம்.

குதித்து எங்கே விழுந்தோம் என்பதற்கு ஒரு சான்று போதும். 2021 ஜூனில் பப்ஜி விளையாட்டை நேரலையில் ஆடிக்காட்டிவந்த தமிழ் யூடியூபர் ஒருவர், பெண்களைப் பற்றிக் கொச்சையாகப் பேசியதாக எழுந்த புகார்களில் கைதானார். பின்தொடர்ந்தவர்கள் பல லட்சம் பேர், பள்ளிச் சிறுவர்கள் உட்பட. அந்தப் பேச்சுக்கு ஆசிரியர் கிடையாது, பக்க எண் கிடையாது, மறு இதழில் ‘உங்கள் அட்டைப்படம் எங்களை அவமதிக்கிறது’ என்று கடிதம் போடும் பெட்டி கிடையாது. நேரலையில் சொன்னது காற்றில் போகும். யாராவது பதிவு செய்து வைத்தால்தான் ஆதாரம்.

நான் சொல்ல வந்த நட்டம் இதுதான். அச்சு இதழ் பெண்ணை இழிவுபடுத்தியபோது தேதி போட்டு, விலை போட்டு, பொறுப்பாசிரியர் பெயர் போட்டு இழிவுபடுத்தியது. முப்பது ஆண்டு கழித்தும் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இங்கே பாருங்கள், இந்த ஆண்டில் இந்த வார்த்தை வந்தது என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறது. கிர்க்பாட்ரிக்கின் ஆய்வு சாத்தியமானதே பழைய இதழ்கள் எங்கோ அடுக்கி வைக்கப்பட்டிருந்ததால். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இத்தகைய இதழ்களைச் சேர்த்து, 2025 ஜனவரியில் மின்நூலகமாகத் திறந்தது. அதைச் செய்பவர்கள் விளையாட்டின் மீது காதலால் செய்கிறார்கள். எனக்கு அது சாட்சிகளின் அறையாகத் தெரிகிறது.

2014இல் வெடித்த ‘கேமர்கேட்’ வன்மத்தையும் இந்த அறையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி புரிகிறது. வீடியோ கேம்களில் பெண் பாத்திரங்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று காணொளித் தொடர் செய்த அனிடா சர்கீசியன், துப்பாக்கிச் சூடு மிரட்டலால் அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்த உரையை ரத்து செய்தார். மிரட்டியவர்களின் இயக்கம் தன் கொடியில் எழுதிக்கொண்டது என்ன தெரியுமா? இதழியல் அறம். கால் நூற்றாண்டாக ‘நீதான் என் வாசகன்’ என்று கொஞ்சி வளர்த்த இதழ்கள் மறைந்து, அவற்றின் இணைய வாரிசுகள் பெண்களோடும் பேசத் தொடங்கியபோது, அந்தப் பிள்ளை அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டான். கொஞ்சியதற்கான அச்சுச் சான்று இல்லாவிட்டால் இந்தக் கோபம் வானத்திலிருந்து விழுந்ததுபோலத் தெரியும்.

இங்கே என் ஊருக்கு வருகிறேன். மெரினா லூப் சாலையை ஒட்டிய நொச்சிக்குப்பம் குடியிருப்பிலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, ஃப்ரீ ஃபயர் நன்றாக ஆடுவாள் என்று தோழிகள் சொன்னார்கள். ஆடுவது அண்ணனின் போனில், அண்ணனின் கணக்கில், அவன் தூங்கும் நேரத்தில். அவளுடைய அம்மா மீன் விற்கிறார். அம்மாவின் போன் வாடிக்கையாளர் அழைப்புக்கானது, அதைத் தொடக் கூடாது. ஆட்டத்தில் கூட ஆடுகிறவர்களோடு பேச வசதி உண்டே, பேசுவாயா என்று கேட்டேன்.

“மைக்க ஆன் பண்ணா பொண்ணுன்னு தெரிஞ்சிடும் மேம். அப்புறம் ஆட்டத்தப் பத்திப் பேசமாட்டாங்க.”

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்டது, இந்தியப் பெண்களில் சுமார் 54 சதவீதம் பேரிடமே தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல். ஆனால் போன் இருப்பது வேறு, போனில் விளையாட நேரமும் குரலும் இருப்பது வேறு. அகப்பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்பிள்ளைகள் மணலில் ஓரை ஆடுகிறார்கள், வண்டல் இழைக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இற்செறிப்பு வருகிறது. ஆட்டம் நிற்கிறது, பெண் வீட்டுக்குள் போகிறாள். இலக்கணம் அதை ஒரு துறையாக்கி வைத்திருக்கிறது. நொச்சிக்கும் இலக்கணத்தில் ஒரு பொருள் உண்டு: முற்றுகையிட்டவனிடமிருந்து மதிலைக் காக்கும் போர். ஊர்ப்பெயர் அந்த நொச்சியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த மாதிரி மனம் ஓடும், மன்னித்துவிடுங்கள். மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறவள் உள்ளேயிருந்து மதில் காக்கிறாளா, வெளியே வரவிடாமல் செறிக்கப்பட்டிருக்கிறாளா என்பது எனக்கு இன்னும் பிடிபடாத கேள்வி.

பெண்களுக்கு விளையாட்டு ரகசியங்களைப் பரிமாறும் அச்சுப் பண்பாடு இருந்ததே இல்லையா என்றால், இருந்தது, வேறு பெயரில். ‘மங்கையர் மலர்’ போன்ற இதழ்களிலிருந்து சமையல் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி, ஓரத்தில் ‘புளி குறைக்கவும்’ என்று எழுதிவைத்த பெண்கள் நம் வீடுகளில் உண்டு. ஒரு பையன் கேம் இதழின் தந்திரக் குறிப்பை நோட்டில் எழுதிக்கொண்டதும் இதுவும் ஒரே செயல்: தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்வது, முயன்று பார்த்துத் திருத்துவது. கல்கி குழுமம் 2020இல் அந்த இதழின் அச்சுப் பதிப்பை நிறுத்தியபோது இவ்வளவு இரங்கல் வந்ததா என்று யோசிக்கிறேன்.

இந்த நோட்டைத்தான் ஒரு வீடியோ கேம் கையில் எடுத்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட ‘வெண்பா’. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் இருக்கிறது. விடுபட்ட வரியை நாம் ஊகிக்க வேண்டும்: இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும், புட்டுக் குழலில் எது முதலில் போகும். பாதி அழிந்த பெண்களின் எழுத்தைப் படித்துத் தேறுவதே ஆட்டம். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் பெரும்பரிசும் இதற்குக் கிடைத்தன.

என் வகுப்பில் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்து இதை ஆடினோம். மாணவிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். தமிழ் எழுத்து திரையில் வந்ததற்கே சிலருக்குக் கண் கலங்கியது. வேறு சிலருக்குக் கோபம். என் கட்சி பாதிக்குமேல் கோபத்தோடு. வெண்பா படித்தவள், ஊரில் ஆசிரியையாக இருந்தவள். அந்த வாழ்க்கை உரையாடலில் வந்துபோகிறது. நம் கையில் ஆடக் கிடைப்பது பெரும்பாலும் அடுப்பு. அவள் வெற்றிபெறும் இடமெல்லாம் சமையலறையாக இருக்கும்போது, மகன் விலகிப்போகும் வலியும் சோற்றில்தான் அளக்கப்படுகிறது. அம்மா என்றால் சமையல் என்ற பழைய சூத்திரத்தை இவ்வளவு அழகாகச் செய்துவிட்டால் கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மறுபக்கமும் உண்டு: பெண்ணின் அடுப்படி அறிவை, தவறினால் மறுபடி முயல வேண்டிய திறனாக, ஒரு புதிராக மதித்த வீடியோ கேம் வேறு எது? இந்த இரண்டையும் எடைபோடும் தமிழ்க் கட்டுரைகளைத்தான் தேடினேன். என் கண்ணில் பட்டவை அதிகமும் ‘தமிழருக்குப் பெருமை’ வகைச் செய்திகள். பெருமைப்படுவது விமர்சனம் ஆகாது.

ஆகவே மாணவிகளை எழுதச் சொன்னேன். நிபந்தனை ஒன்றுதான்: ஆடிய தேதி, ஆடிய கருவி, அது யாருடையது என்பதை முதல் வரியில் போட வேண்டும். நொச்சிக்குப்பம் மாணவி வெண்பாவை விட்டுவிட்டு ஃப்ரீ ஃபயரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் பையன்கள் அதன் உடை பற்றிப் பேசுவதை, மைக்கை அணைத்திருக்கும் தன் காதில் விழுந்தபடியே எழுதியிருந்தாள். எந்த நாள், எத்தனை மணி என்றும் குறித்திருந்தாள். தொகுப்பை ஒளிநகல் எடுத்துத் தைத்துத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம், மொத்தம் முப்பது பிரதிகள். அட்டையில் மாதமும் ஆண்டும் உண்டு. அடுத்தது எப்போது வரும் என்று அவள் கேட்டிருக்கிறாள். தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.