டச்பேயில் இரண்டு அலை

திருகோணமலைக்கு வந்து போகிறவர்கள் காட்டும் படமெல்லாம் ஒன்றுதான். கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் மானுக்கு பிஸ்கட் நீட்டும் கை. கடலைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "கடல்தானே, பார்த்தோம்" என்கிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்தார்கள், போன் பார்த்தது. எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆரம்பப் பாடத்தைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டினம் ஒடுங்கிய நிலத்துண்டு. கிழக்கே டச்பே, மேற்கே உள்துறைமுகம். ஒரு கரையில் சூரியன் எழும்பும், மற்றக் கரையில் விழும், நடுவில் பத்துப் பதினைந்து நிமிட நடை. மே முதல் ஆகஸ்ட் வரை, கச்சான் காற்றுக் காலத்தில் வாருங்கள். காலை ஆறு மணிக்கு டச்பேயில் நில்லுங்கள். போன் விடுதியில் இருக்கட்டும்.

இனித்தான் விஷயம். அலை என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருளை அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று, வங்காள விரிகுடாவில் எங்கோ அடித்த காற்று எழுப்பிவிட்டது. அந்தக் காற்று எப்போதோ ஓய்ந்திருக்கும், அலை மட்டும் நாட்கணக்கில் நடந்து வரும். உருண்ட முதுகு, நல்ல இடைவெளி, அவசரமே இல்லை. இதை நான் வந்த அலை என்பேன். மற்றது, இந்த நிமிடம் இங்கே வீசும் காற்று தண்ணீரின் தோலில் எழுப்பும் சிலிர்ப்பு. ஒரு சாண்கூட இராது. காற்று நின்றால் படுத்துவிடும்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவது. ஆகவே அந்த மாதங்களில் டச்பேயில் வந்த அலை கரைக்கு வரும், அதன் முதுகின்மேலேயே சிலிர்ப்பு கடலை நோக்கி ஓடும். ஒரே தண்ணீரில் எதிரெதிராக இரண்டு நடை! முதலில் கண்ணில் படாது. தூரத்தில் கோடாகத் தெரியும்போதே ஓர் அலையைப் பிடியுங்கள், உடையும்வரை விடாதீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது அலையில் விளங்கும். உடையப் போகும்போது அலை மெலியும். பின்னாலிருந்து வெயில் ஊடுருவி ஒரு கணம் இளம்பச்சையாகும். உச்சியைக் கச்சான் பின்னுக்குச் சீவி எறியும். அந்த வடிவை நான் எப்படிச் சொல்ல!

ட்ரோன் வீடியோக்காரர்களுக்கு இது ஒருநாளும் கிடைக்காது. மேலிருந்து பார்த்தால் அலைக்கு உயரமே இல்லை. அதைத் தட்டையாக்கி, நீலத்தைக் கூட்டி, பாட்டைப் போட்டு விற்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் சில வேளை எட்டு நொடி இடைவெளி. அதற்குள் நம் பெருவிரல் மூன்று படத்தைத் தள்ளிவிடுகிறது. பிடிக்காவிட்டால் தள்ளு, பிடித்தால் வாங்கு என்று கடைத்தெரு கண்ணைப் பழக்கிவிட்டது. அந்தக் கண்ணுக்குக் கடலும் ஒரு விளம்பரத் தட்டி.

உள்துறைமுகத்தில் வந்த அலை கிடையாது, முனைகளும் தீவுகளும் வாசலிலேயே மறித்துவிடும். கப்பலுக்கு வேண்டியது அந்தத் தண்ணீர்தான். அதற்காகத்தான் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லிலேயே கோட்டை கட்டினார்கள், பிறகு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டார்கள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்டார்கள். இத்தனை பேர் ஆசைப்பட்ட தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

பின்னேரம் ஐந்தரைக்கு உள்துறைமுக வீதியோரம் வாருங்கள். நான் தனியாக நிற்கும் இடம், உங்களுக்குச் சொல்கிறேன். மேற்கே பாருங்கள். காற்றுத் தொடும் இடத்தில் தண்ணீர் கறுக்கும். அந்தக் கறுப்புத் திட்டு மெல்ல நகர்ந்து வரும். கட்டி நிற்கும் வள்ளத்தைத் தொடும், வள்ளம் தலையைத் திருப்பும். இன்னும் உங்கள் முகத்தில் ஒன்றும் படாது. திட்டு கிட்ட வரும், கரையில் கிடக்கும் கயிறு அசையும். அதற்குப் பிறகுதான் காற்று வந்து சட்டையைத் தூக்கும்.